முழங்கால் மூட்டின் நிலை உணர்வை எந்த முறையில் அளப்பது?

மதுரையில் எம்.பி.டி. (பிசியோதெரபி முதுகலை) படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. ஏ.சி.எல். (முழங்காலுக்குள் இருக்கும் ஒரு முக்கிய நார்) அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி களமிறங்கத் தயாராகும் கபடி வீரர்களுக்கு முழங்கால் நிலை உணர்வு, அதாவது பார்க்காமலே முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று உணர்வது, எப்படி இருக்கிறது என்று ஆய்வேடு செய்ய நினைக்கிறார். கையில் கோனியோமீட்டரும் (மூட்டுக் கோணத்தை அளக்கும் இரு கை அளவுகோல்) போனும் இருக்கின்றன. டிஜிட்டல் இன்க்ளினோமீட்டர் (சாய்வை அளக்கும் கருவி) ஒன்று வாங்க முடியும். வழிகாட்டியோ ஐசோகைனடிக் மெஷினில் (காலைக் கட்டுப்படுத்திய வேகத்தில் அசைக்கும் மெஷின்) எடுத்தால்தான் மதிப்பு என்கிறார். அந்த மெஷின் இருக்கும் இடத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம். எந்த முறை சரி, எது எதைவிடத் துல்லியம் என்பதுதான் கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி. உங்கள் ஆய்வுக்குப் போன் கேமராவில் பக்கவாட்டுப் படம் எடுத்து அளப்பதே போதும். போதும் என்பதோடு, நீங்கள் கேட்கும் கேள்விக்கு அந்த மெஷினைவிட அது பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்விதான். ஆளை உட்கார வைக்கிறீர்களா நிற்க வைக்கிறீர்களா, காலை அவரே அசைக்கிறாரா நீங்கள் அசைக்கிறீர்களா, அதே காலில் திருப்பிக் காட்டச் சொல்கிறீர்களா மறுகாலில் காட்டச் சொல்கிறீர்களா, என்ன வார்த்தை சொல்லிக் காட்டச் சொல்கிறீர்கள் என்பவைதான் முடிவை முதலில் தீர்மானிக்கின்றன. இவற்றை மாற்றினால் அளக்கப்படும் விஷயமே மாறிவிடும். கருவியை மாற்றினால் பெரும்பாலும் அளவின் நேர்த்தி மட்டுமே மாறும்.

உடம்பின் நிலையையும் அசைவையும் பார்க்காமலே உணர்வதைக் குறிக்கும் புரோப்ரியோசெப்ஷன் என்ற சொல்லை நரம்பியல் ஆய்வாளர் ஷெரிங்டன் 1906-ல் கொண்டுவந்தார். இன்று அதற்குள் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பேசுகிறோம். மூட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்ற உணர்வு ஒன்று. அசைகிறதா, எந்தப் பக்கம் அசைகிறது என்ற உணர்வு இன்னொன்று. எவ்வளவு விசை போடுகிறோம் என்ற உணர்வு மூன்றாவது. இவை ஒரே நரம்புச் செய்தியின் மூன்று வாசிப்புகள் என்று எண்ணிக்கொண்டு, ஒன்றை அளந்துவிட்டு மூன்றையும் பற்றி எழுதுகிற ஆய்வேடுகள் நிறைய வருகின்றன. 2002-ல் கிராப் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரே ஆட்களின் முழங்காலைப் பல முறைகளில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த அளவுகளுக்கிடையே சொல்லிக்கொள்ளும்படி எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. ஒரு சோதனையில் நன்றாகச் செய்தவர் இன்னொன்றிலும் நன்றாகச் செய்வார் என்று சொல்ல முடியவில்லை. முறைகளை ஒப்பிட விரும்புகிற யாரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். உங்கள் ஆய்வேட்டின் தலைப்பிலேயே 'புரோப்ரியோசெப்ஷன்' என்று போடாமல் 'மூட்டு நிலை உணர்வு' என்று போடுங்கள்.

இந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதும் முறையைத் தேர்ந்தெடுப்பதில் கைகொடுக்கும். மூட்டு உறையிலும் மூட்டு நார்களிலும் இருக்கும் ஏற்பிகள்தான் (உணர்வு நரம்பு முனைகள்) நிலையைச் சொல்கின்றன என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1972-ல் குட்வின், மெக்லாஸ்கி, மாத்யூஸ் மூவரும் தசைநாண் மேல் அதிர்வு கொடுத்தால் அசையாத மூட்டு அசைவதுபோலத் தோன்றுகிறது என்று காட்டினார்கள். அதிர்வு தூண்டுவது தசைக்குள் இருக்கும் மசில் ஸ்பிண்டிலை, அதாவது தசையின் நீளம் மாறுவதை உணரும் உறுப்பை. இடுப்பில் செயற்கை மூட்டு மாற்றி வைத்தவர்களுக்கும் நிலை உணர்வு பெரும்பாலும் தங்கியிருந்தது. மூட்டு உறை போனாலும் உணர்வு போகவில்லை என்றால், முக்கியச் செய்தியாளர் தசைதான். மூட்டு ஏற்பிகளும் தோலும் உதவுகின்றன. மூட்டு ஏற்பிகள் அசைவின் கடைசி எல்லையில்தான் அதிகம் பேசுகின்றன.

ஏ.சி.எல்.-லில் ஏற்பிகள் இருப்பது உண்மை. அதனால் அது அறுந்ததும் நிலை உணர்வு அப்படியே போய்விடும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். விஷயம் அவ்வளவு எளிதில்லை. காயம், வீக்கம், தொடைத்தசை மெலிவு, மாதக்கணக்கில் காலை ஊன்றாமல் இருந்தது, மூளை அந்தக் காலை வேறு விதமாகப் பயன்படுத்தப் பழகிக்கொண்டது எல்லாம் சேர்ந்துதான் குறை வருகிறது. அந்தக் குறையும் பெரும்பாலும் ஓரிரு டிகிரி அளவில்தான் தெரிகிறது. இந்த ஓரிரு டிகிரியைப் பிடிக்கத்தான் நீங்கள் போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். பின்னால் வரும் கணக்கெல்லாம் இதைச் சுற்றியே.

சரி, முதல் முடிவு: செயலூக்கமாகவா, செயலற்றா? ஆக்டிவ் என்றால் ஆள் தானே காலை அசைத்து இலக்கை அடைந்து, பிறகு தானே திருப்பிக் காட்டுவது. பாஸிவ் என்றால் மெஷினோ உங்கள் கையோ காலை மெதுவாக நகர்த்தும், அவர் 'இதுதான்' என்று சொல்ல வேண்டும். பாஸிவ் முறையில் தசை ஓய்வாக இருப்பதால் மூட்டின் பங்கு கூடுதலாகத் தெரியும் என்பது அதை விரும்புகிறவர்களின் வாதம். தசை ஓய்ந்திருந்தாலும் ஸ்பிண்டில் ஓய்வதில்லை என்பதால் அந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. அதோடு பாஸிவ் முறையில் ஒரு மறைவான பிழை உண்டு. மெஷின் விநாடிக்கு 5 டிகிரி வேகத்தில் நகர்கிறது என்று வையுங்கள். ஆள் இடத்தை உணர்ந்து பொத்தானை அழுத்த 0.3 விநாடி ஆகிறது. அதற்குள் கால் 1.5 டிகிரி தாண்டிப் போய்விடும். நீங்கள் தேடும் குறையின் அளவே அதுதான். வேகத்தை விநாடிக்கு 1 டிகிரிக்குக் குறைத்தால் இந்தப் பிழை 0.3 டிகிரிக்கு இறங்கும். ஆனால் அவ்வளவு மெதுவாக நகர்ந்தால் ஆளுக்குக் கவனம் சிதறும், சிலர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்து நேரத்தை வைத்து நிறுத்துவார்கள். அதனால் பாஸிவ் சோதனை செய்கிறவர்கள் வேகத்தை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். பல ஆய்வேடுகளில் வேகமே குறிப்பிடப்படுவதில்லை.

ஆக்டிவ் முறையில் தசை வேலை செய்கிறது, எவ்வளவு முயற்சி போடுகிறோம் என்ற உணர்வும் கூடச் சேர்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டும்போது, கால் நேராக நேராகக் கீழ்க்காலின் கனம் தொடைத்தசைக்குக் கூடிக்கொண்டே போகும். அந்தக் கனத்தை வைத்தே ஒருவர் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கலப்படம்தான், ஆனால் வாழ்க்கையிலும் நாம் அப்படித்தான் நிலையை உணர்கிறோம். ரெய்டு போகிற பையன் யாரும் தசையைத் தளர்த்திக்கொண்டு நிற்பதில்லை. விளையாட்டுக்குத் திரும்புவதைப் பற்றிய ஆய்வுக்கு ஆக்டிவ் முறையே என் தேர்வு.

இரண்டாவது முடிவு: அதே காலா, மறுகாலா? ஒரு காலை இலக்கில் வைத்து, மறுகாலால் அதே கோணத்தைக் காட்டச் சொன்னால் ஞாபகம் தேவையில்லை, இலக்கு கண்முன் இருப்பதுபோல உடம்பிலேயே இருக்கிறது. பெரிய வசதி அது. ஆனால் தவறு வந்தால் எந்தக் காலின் தவறு என்று பிரிக்க முடியாது. ஏ.சி.எல். காயத்துக்குப் பிறகு நல்ல காலிலும் மாற்றம் இருக்கலாம் என்று பல ஆய்வுகள் சொல்வதால், உங்கள் ஆட்களுக்கு இது ஆகாது. அதே காலில் இலக்கைக் காட்டி, திரும்பக் கொண்டுபோய், மறுபடி காட்டச் சொல்லுங்கள். இதில் ஞாபகச் சோதனையும் கலந்துவிடும் என்பதால் இலக்கில் 5 விநாடி வைத்திருங்கள், இடையில் பேச்சுக் கொடுக்காதீர்கள். அதே காரணத்துக்காக, 'நல்ல காலோடு ஒப்பிட்டேன்' என்பதோடு நிறுத்தாமல், காயமே படாத கபடி வீரர்கள் ஒரு குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் ஊருக்கு ஊர் கபடிக் குழு இருக்கிறது. அதே வயது, அதே பயிற்சி உள்ள ஆள் கிடைப்பது மதுரையில் கஷ்டமே இல்லை.

மூன்றாவது முடிவைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். உட்கார்ந்தா, நின்றா? ஸ்டில்மேன், மெக்மீக்கன் இருவரும் 2001-ல் உடல் எடையை ஊன்றிச் செய்யும் சோதனையையும் ஊன்றாமல் செய்வதையும் ஒப்பிட்டார்கள். ஊன்றிச் செய்யும்போது மக்கள் இன்னும் சரியாகவும் ஒரே சீராகவும் காட்டினார்கள். காரணம் புரிந்துகொள்ள எளிது. நின்றுகொண்டு முழங்காலை மடக்கும்போது கணுக்காலும் இடுப்பும் உள்ளங்காலும் சேர்ந்து செய்தி அனுப்புகின்றன. 'அப்படியானால் அது முழங்கால் சோதனையே இல்லை' என்று வழிகாட்டி சொல்லலாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முழங்காலை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் உட்கார வைப்பதுதான் வழி. ஆனால் உங்கள் கேள்வி களத்துக்குத் திரும்பும் காலைப் பற்றியது. கபடியில் முழங்கால் போவது ஊன்றிய காலில் சட்டென்று திரும்பும்போதும், கணுக்காலைப் பிடித்து நிறுத்தும்போதும்தான். தொங்கும் காலில் எடுத்த அளவை வைத்து அதைப் பேசுவது பலவீனமான வாதம். ஐசோகைனடிக் மெஷினில் வழக்கமாக நடப்பதோ தொங்கும் கால் சோதனைதான். மெஷின் உங்களுக்குப் பொருத்தமில்லை என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இதே கேள்வியை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் காலையிலிருந்து சம்மணம் போட்டுப் பூக்கட்டும் அம்மாக்களின் மூட்டுத் தேய்மானத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். ஒற்றைக் காலில் அரைக்குந்தல் அவர்களுக்கு வலிக்கும், வலியே அளவைக் கெடுத்துவிடும். அவர்களை உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும், முடிந்தால் படுக்க வைத்தும். ஆளைப் பார்த்து முறையை எடுங்கள்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். நிலை உணர்வுச் சோதனையில் நமக்கு வேண்டியது முழங்காலின் உண்மையான கோணம் அல்ல. இலக்குக் கோணத்துக்கும் அவர் காட்டிய கோணத்துக்கும் உள்ள வித்தியாசம். கடைத் தராசு எப்போதும் 50 கிராம் கூட்டிக் காட்டினாலும், இரண்டு மூட்டைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் சரியாகத்தான் வரும். அதுபோல, இரண்டு அளவிலும் ஒரே மாதிரி வரும் பிழை கழிந்துபோகும். ஒவ்வொரு அளவிலும் வேறு வேறாக வரும் பிழைதான் நம்மைக் கெடுக்கும். கருவிகளை இந்தக் கண்ணால் பாருங்கள்.

சாதாரண கோனியோமீட்டர் இங்கேதான் தோற்கிறது. ஒவ்வொரு முறையும் அதை எடுத்து வைத்து, தொடை எலும்பின் மேல் முனையையும் கணுக்கால் எலும்பையும் கண்ணால் தேடி, கை நடுங்காமல் படிக்க வேண்டும். இலக்குக்கு ஒருமுறை, திருப்பிக் காட்டியதற்கு ஒருமுறை என்று இரண்டு தனித்தனிப் பிழைகள் சேர்கின்றன. மூட்டு எவ்வளவு மடங்கும் என்று அளக்க நல்ல கருவிதான், அங்கே 5 டிகிரி வித்தியாசம் பெரிதில்லை. ஓரிரு டிகிரியைத் தேடுகிற வேலைக்கு அது போதாது. அதோடு குளிர்ந்த பிளாஸ்டிக் தோலில் படுவதே ஆளுக்கு ஒரு துப்பு ஆகிவிடும்.

டிஜிட்டல் இன்க்ளினோமீட்டரும் போன் ஆப்பும் ஒரே கொள்கையில் வேலை செய்கின்றன. பூமி இழுக்கும் திசைக்கு எதிராகக் கருவி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். கீழ்க்காலில் பட்டையால் கட்டிவிட்டால் சோதனை முடியும்வரை அசைக்க வேண்டியதில்லை, அதனால் வைக்கும் பிழை கழிந்துவிடுகிறது. ஆனால் ஒன்று: அது அளப்பது கீழ்க்காலின் சாய்வு, முழங்காலின் கோணம் அல்ல. ஆள் காலை நீட்டும்போது தொடையைக் கட்டிலிலிருந்து 3 டிகிரி தூக்கினால், அந்த 3 டிகிரி அப்படியே உங்கள் கணக்கில் ஏறிவிடும். தொடையை அகலமான பட்டையால் கட்டில் மேல் கட்டிவிட்டால் உட்கார்ந்த சோதனைக்கு இது அருமையான கருவி. நின்று செய்யும் சோதனையில் தொடையும் கீழ்க்காலும் இரண்டுமே சாய்வதால் ஒரு கருவி போதாது, இரண்டு வேண்டும். போனில் 0.1 டிகிரி வரை எண் காட்டுவதைப் பார்த்து மயங்காதீர்கள். கால் லேசாக ஆடினால் அந்தத் தசமத்துக்கு அர்த்தமில்லை. இன்னொன்று, அளக்கும்போது ஆப் சத்தம் எழுப்பினாலோ அதிர்ந்தாலோ அதை முதலில் நிறுத்துங்கள்.

எலெக்ட்ரோகோனியோமீட்டரும் (மின்சாரக் கோனியோமீட்டர்) உடலில் அணியும் சென்சார்களும் அசைவு முழுவதையும் தொடர்ந்து பதிவு செய்யும். வசதிதான். கல்லூரியில் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்று வருந்த வேண்டாம்.

இப்போது படம் எடுக்கும் முறை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொடை எலும்பின் வெளிமேல் முனை, முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேடு, ஃபிபுலாவின் (கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பு) தலை, வெளிக்கணு ஆகிய நான்கு இடங்களில் புள்ளி வைக்கிறோம். பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து, இமேஜ்ஜே அல்லது கினோவியா போன்ற இலவச மென்பொருளில் கோடு போட்டுக் கோணத்தைப் படிக்கிறோம். புள்ளி ஒருமுறைதான் வைக்கிறோம். அது உண்மையான எலும்பிலிருந்து ஒரு செ.மீ. தள்ளியிருந்தாலும் எல்லாப் படத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு தள்ளியிருக்கும், அதனால் வித்தியாசம் பெரிதாகக் கெடாது. தொடையும் கீழ்க்காலும் இரண்டுமே படத்தில் இருப்பதால் நின்று செய்யும் சோதனைக்கும் சரியாக வரும். படம் சாட்சியாக இருக்கிறது என்பது இன்னொரு பலம். வேறொருவரும் அதே படத்தை அளந்து சரிபார்க்கலாம், நீங்களே ஒரு வாரம் கழித்து மறுபடி அளக்கலாம்.

கேமரா சரியாகப் பக்கவாட்டில் இல்லையென்றால் என்ன ஆகும் என்று பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடை கிடைமட்டம், கீழ்க்கால் 45 டிகிரி சாய்வு என்று வையுங்கள். கேமரா 10 டிகிரி திரும்பியிருந்தால் படத்தில் 44.6 டிகிரி என்று தெரியும். 20 டிகிரி திரும்பினால் 43.2. பத்து டிகிரி வரை நஷ்டம் சிறிது, அதற்கு மேல் வேகமாக ஏறும். கேமரா அசையாமல் இருந்தால் இலக்குப் படத்திலும் அதே பிழை இருப்பதால் பெரும்பகுதி கழிந்துவிடும். உண்மையான ஆபத்து கேமரா திரும்புவதைவிட ஆள் திரும்புவதில்தான் இருக்கிறது. ஒற்றைக் காலில் குந்தும்போது முழங்கால் உள்ளே சாய்ந்தால் கோணமே மாறிவிடும், ஏ.சி.எல். ஆட்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். பாதம் வைக்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். ஒரு விரல் நுனியால் சுவரைத் தொட்டுக்கொள்ள விடுங்கள், தாங்கிக்கொள்ள விடாதீர்கள். போனை முழங்கால் உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து, மூன்று மீட்டர் தள்ளி, முழங்கால் படத்தின் நடுவில் வரும்படி எடுங்கள். பக்கத்தில் வைத்து எடுத்தால் ஓரங்கள் வளையும்.

புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு போதும். கறுப்பு நிறத்தில், கொஞ்சம் பெரியது. ஆனால் சித்திரை மாத மதுரையில் வியர்வையில் அது நழுவும். ஒட்டுமுன் தோலைத் துடைத்து, பேனாவால் அடியில் ஒரு குறி போட்டுவிட்டு ஒட்டுங்கள். விழுந்தால் அதே இடத்தில் மறுபடி ஒட்டலாம். நடுவில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் சோதனையை நிறுத்தி, வந்த பிறகு அந்த ஆளுக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து எடுங்கள். வியர்த்து எரிச்சலாக இருக்கும் ஆளின் கவனம் அளவில் தெரியும்.

ஐசோகைனடிக் மெஷினுக்கு உரிய மரியாதையையும் கொடுத்துவிட வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் அதற்கு இணையில்லை. பாஸிவ் சோதனைக்கும், கால் அசைய ஆரம்பித்ததை எவ்வளவு சீக்கிரம் உணர்கிறார் என்ற சோதனைக்கும் இந்த மாதிரிக் கட்டுப்பாடு அவசியம், கையால் செய்யவே முடியாது. ஆனால் அது காட்டும் கோணம் மெஷின் கையின் கோணம், முழங்காலின் கோணம் அல்ல. மெஷினின் அச்சு ஒரே இடத்தில் நிற்கிறது, முழங்காலின் அச்சோ மடங்க மடங்க நகர்கிறது. கீழ்க்காலின் முன்பக்கத்தில் அழுத்தும் பஞ்சு மெத்தை அமுங்குகிறது, அந்த அழுத்தமே தோல் வழியாக ஒரு செய்தியாகிறது. அதனால் மெஷினை எல்லாவற்றுக்கும் உரைகல்லாக வைத்து, அதோடு ஒத்துப்போகாத முறை தவறு என்று முடிவுக்கு வருவது சரியில்லை. வழிகாட்டி வற்புறுத்தினால், உங்கள் ஆட்களில் ஒரு சிறு பகுதியை மட்டும் அங்கே அழைத்துப் போய், மெஷினில் உட்கார வைத்தே படமும் எடுங்கள். ஒரே அசைவை இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் பதிவு செய்யட்டும். அப்போதுதான் அது கருவிகளின் ஒப்பீடு. மெஷினில் உட்கார்ந்து பாஸிவாக எடுத்ததையும், கூடத்தில் நின்று ஆக்டிவாக எடுத்ததையும் ஒப்பிட்டால் அது இரண்டு வெவ்வேறு திறமைகளின் ஒப்பீடு. கோரிலேஷன் (இரண்டு எண்வரிசைகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்ற அளவு) மட்டும் போட்டுவிட்டு 'ஒத்துப்போகிறது' என்று எழுதாதீர்கள். ஒரு கருவி எப்போதும் 4 டிகிரி கூட்டிக் காட்டினாலும் கோரிலேஷன் பிரமாதமாக வரும். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-ல் இதற்காகவே கொடுத்த, இரண்டு கருவிகளின் வித்தியாசத்தைக் காட்டும் வரைபடத்தைப் போடுங்கள்.

அப்புறம் எண்களைப் படிப்பது. இங்கேதான் நல்ல தரவும் வீணாகிறது. பெரும்பாலானோர் அப்சல்யூட் எரர் மட்டும் எழுதுகிறார்கள். எந்தப் பக்கம் தவறினாலும் எவ்வளவு தவறினார் என்ற அளவு அது. இலக்கு 30 டிகிரி. ஒருவர் 27, 33, 26, 34 என்று காட்டுகிறார். இன்னொருவர் 26, 27, 26, 27 என்று காட்டுகிறார். இருவருக்கும் அப்சல்யூட் எரர் 3.5 டிகிரிதான். ஆனால் முதல் ஆளின் தவறு இரண்டு பக்கமும் சமமாக விழுவதால் கான்ஸ்டன்ட் எரர் (கூடுதல் குறைவு குறியோடு எடுத்த சராசரித் தவறு) பூஜ்யம், சிதறல் (வேரியபிள் எரர்) மட்டும் 3.5. இரண்டாம் ஆள் சிதறவே இல்லை, அவருடைய சிதறல் 0.5 மட்டுமே. ஆனால் எப்போதும் குறைத்தே மடக்குகிறார், சராசரியாக 3.5 டிகிரி. முதல் ஆளுக்கு உணர்வு தெளிவில்லை. இரண்டாம் ஆளுக்கு உணர்வு கூர்மையாகத்தான் இருக்கிறது, அவருடைய அளவுகோல்தான் நகர்ந்திருக்கிறது. இந்த இருவருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பீர்களா? மூன்று எரர்களையும் தனித்தனியாக எழுதுங்கள். நேரான காலில் தரையிறங்குவது ஏ.சி.எல்.-லுக்கு ஆபத்து என்பது தெரிந்ததுதான். அதற்காக, குறைத்து மடக்கிக் காட்டுகிறவர் களத்திலும் அப்படித்தான் இறங்குவார் என்று உங்கள் தரவு சொல்லாது. அந்தத் தாவலைச் செய்யாதீர்கள்.

நம்பகத்தன்மைக்கு எல்லோரும் ஐ.சி.சி. எண் ஒன்றைத் தேடுவார்கள், மறுபடி அளந்தால் எவ்வளவு ஒத்து வருகிறது என்று சொல்லும் எண் அது. உங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தால், அளவு நன்றாக இருந்தும் ஐ.சி.சி. குறைவாக வரும். அதனால் டிகிரியில் பேசும் எண்ணும் வேண்டும், அதுதான் ஸ்டாண்டர்ட் எரர் ஆஃப் மெஷர்மென்ட், அதாவது அளவிலேயே இருக்கும் வழக்கமான பிழை. அது 1.5 டிகிரி என்று வந்தால், ஒரு ஆளிடம் உண்மையான மாற்றம் நடந்திருக்கிறது என்று நம்பிக்கையோடு சொல்ல அதை 2.77-ஆல் பெருக்க வேண்டும். 4.2 டிகிரிக்கு மேல் மாறினால்தான் மாற்றம். ஏ.சி.எல். ஆட்களிடம் நாம் தேடும் குறையே ஓரிரு டிகிரி என்று மேலே சொன்னேன். எனவே இந்தச் சோதனை ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடப் பயன்படும். 'இந்தப் பையனின் அளவு 2 டிகிரி குறைந்துவிட்டது, விளையாடலாம்' என்று ஒரு தனி ஆளைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படாது. எந்தக் கருவியை வாங்கினாலும் இந்த உண்மை மாறாது. உங்கள் ஆய்வேட்டை நம்பி யாராவது ஒரு பையனைப் பொங்கல் போட்டிக்கு அனுப்பக்கூடும் என்பதால் இதை முடிவுரையில் தெளிவாக எழுதுங்கள்.

சோதனையை நடத்தும் விதத்தில் சில விஷயங்கள். இலக்குகளை நடுக்கோணங்களில் வையுங்கள். நின்று செய்யும்போது 20-லிருந்து 50 டிகிரிக்குள் மூன்று இலக்குகள், வரிசையைக் குலுக்கிப் போட்டு. எல்லையை ஒட்டிய கோணங்களில் மூட்டு இறுகுவதே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு இலக்குக்கும் ஐந்தாறு முறை எடுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுவது வழக்கமாக இருக்கலாம், ஆனால் சிதறலை அளக்க மூன்று போதவே போதாது. எப்போதும் ஒரே திசையிலிருந்து, நேராக நிற்பதிலிருந்து மடக்கிக்கொண்டே இலக்குக்கு வர வேண்டும். மேலேயிருந்து வருவதும் கீழேயிருந்து வருவதும் ஒரே விடையைத் தராது. தசை கடைசியாக எந்த நீளத்தில் சுருங்கி ஓய்ந்ததோ அதைப் பொறுத்து ஸ்பிண்டில் இறுகியோ தொய்ந்தோ இருக்கும். அதனால் ஒவ்வொரு முறைக்கும் முன்னால் தொடைத்தசையை ஒருமுறை இறுக்கித் தளர்த்தச் சொல்லி எல்லோரையும் ஒரே தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பயிற்சி முடிந்து களைத்து வரும் ஆளை அளக்காதீர்கள், களைப்பு நிலை உணர்வைக் கெடுக்கும். காலையில் பயிற்சிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். முழங்கால் கேப்பும் இறுக்கமான துணிப்பட்டையும் தோல் வழியாக உணர்வைக் கூட்டும், அவற்றைக் கழற்றிவிட்டு அரைக்கால் டிரவுசரோடு சோதியுங்கள். கண்ணைக் கட்டுங்கள். சரியா தப்பா என்று முகத்தாலும் காட்டாதீர்கள்.

நீங்கள் சொல்லும் வார்த்தையும் சோதனையின் ஒரு பகுதிதான். இங்கிலீஷ் புரோட்டோகாலை வைத்துக்கொண்டு அந்தந்த நேரத்துக்கு வாயில் வந்தபடி தமிழில் சொன்னால், ஒருவரிடம் 'அதே இடத்துக்குக் கொண்டு வாங்க' என்றும் இன்னொருவரிடம் 'அதே அளவு மடக்குங்க' என்றும் சொல்லிவிடுவீர்கள். முதலாவது இடத்தைக் கேட்கிறது. இரண்டாவதைக் கேட்டவர் எவ்வளவு தூரம் அசைத்தோம் என்பதை எண்ணிக்கொள்வார். ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் அதையே படியுங்கள். இப்படி இருக்கலாம்: 'மெதுவா மடக்குங்க. போதும்னு சொன்னதும் அப்படியே நில்லுங்க. முட்டி இப்ப எந்த இடத்துல நிக்குதுன்னு மனசுல வச்சுக்கங்க. சரி, நேரா நில்லுங்க. இப்ப நீங்களே அந்த இடத்துக்குக் கொண்டு வாங்க. வந்துருச்சுன்னா 'ம்'னு சொல்லுங்க.' இதை நம் பக்கத்துப் பையன்கள் இருவரிடம் முதலில் சொல்லிப் பார்த்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்துங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஒத்திகை கொடுங்கள், அந்த எண்ணைச் சேர்க்காதீர்கள்.

படங்களை அளக்கும்போது எது இலக்கு, எது திருப்பிக் காட்டியது, எது அறுவை செய்த கால் என்று உங்களுக்கே தெரியக் கூடாது. நண்பர் ஒருவரிடம் கொடுத்துக் கோப்புகளின் பெயரை எண்களாக மாற்றி, வரிசையைக் கலைத்துத் தரச் சொல்லுங்கள். மெஷினிலிருந்து வரும் எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்று வழிகாட்டி நினைப்பதற்குக் காரணம், அதில் ஆளின் கை படவில்லை என்பதுதான். மறைத்து அளந்த படங்களை, இருவர் தனித்தனியாக இரண்டு முறை படித்த அட்டவணையோடு அவர் முன் வைத்தால் அந்தக் கவலைக்கு நேர்ப் பதில் கிடைத்துவிடும்.

ஆகவே முதல் வேலையாக எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பம் எழுதும்போதே, காயமில்லாத ஒரு சிறு குழுவில் இந்த முறையை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கும் பகுதியையும் சேர்த்து அனுமதி கேளுங்கள். இடுப்பு முதல் கணுக்கால் வரை படம் எடுக்கப்படும், முகம் வராது என்பதை ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதிவிடுங்கள். அந்தச் சிறு குழுவின் எண்கள் வந்த பிறகு இன்க்ளினோமீட்டர் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்தால் போதும்.